புது பேட்டரி போட்டும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை: கரண்ட் எங்கே போகிறது?

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது. டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்தாயிற்று. சாயங்காலம் கடைக்குப் போனால், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்கிறார்கள். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து மாற்றுகிறோம். மூன்றாவது வாரம் மறுபடி அதே 'டிக் டிக்'. வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் தெருவோரம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை.

இறங்கிப்போன பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் தொட்டியையா மாற்றுகிறோம்? மோட்டார் ஏற்றுகிறதா, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்றுதான் பார்க்கிறோம். காரிலும் அப்படித்தான். பேட்டரியே சார்ஜைப் பிடித்து வைக்காமல் இருக்கலாம். வண்டி ஓடும்போது டைனமோ (ஆல்டர்னேட்டர்) ஏற்றாமல் இருக்கலாம். நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கலாம். ஏற்றி முடிக்கிற அளவுக்கு வண்டி ஓடாமலே இருக்கலாம். டெர்மினலோ எர்த் வயரோ சரியில்லாமல், நிறைந்த பேட்டரியே காலியானது போலத் தோற்றம் காட்டுவதும் உண்டு. இவற்றில் எது என்று ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரே பெரும்பாலும் சொல்லிவிடும். அளக்காமல் மாற்றுவதால்தான் ஒரே வண்டியில் இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி ஏறுகிறது.

வடசென்னைப் பக்கம் ஏன் அதிகம்?

முதல் எதிரி வெயில். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. தகடுகள் அரிப்பதும், தண்ணீர் ஆவியாவதும், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்குவதும் அதே கணக்கில் கூடும். கத்திரி வெயிலில் எஞ்சினை நிறுத்திய பிறகு பானட்டுக்குள் 60 டிகிரி சாதாரணம். குளிர் நாட்டில் ஐந்தாறு வருடம் வரும் பேட்டரி இங்கே மூன்று, மூன்றரை வருடம் வந்தால் குறை சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், மே மாதம் அடிபட்ட பேட்டரி மே மாதத்திலேயே கையை விரிக்காது. ஐப்பசி மழையில் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் பனி நீக்கி எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் விரிக்கும். பழி மழைமேல் விழும்.

அடுத்தது குட்டை ஓட்டம். ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய 150 ஆம்பியர் இரண்டு வினாடி ஓடினால்கூட செலவு 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவுதான். "ஸ்டார்ட் பண்ணினாலே பேட்டரி காலி" என்ற பேச்சு அந்த வகையில் தப்பு. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வண்ணாரப்பேட்டை கடைவீதி வரை மூன்று கிலோமீட்டர், அல்லது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஐடிலில் நிற்பது: இரண்டிலும் டைனமோ தன் முழுத் திறனைக் கொடுப்பதே இல்லை. ஐடிலில் அது தன் அளவில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. அதிலிருந்து ஏசி புளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் மூன்றும் சேர்ந்து 30, 35 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்கு மிச்சம் எதுவும் போகாது.

மூன்றாவது, நின்ற இடத்திலேயே நிற்பது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, திருவொற்றியூர் பக்கம் வாரநாளில் ரயிலில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்லதுதான், பேட்டரிக்கு நல்லதில்லை. பாதி இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. புது பேட்டரி ஆறே மாதத்தில் சாகும் வழி இது.

கடற்காற்றைக் கடைசியாகச் சொன்னாலும் அது சின்ன விஷயமில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் நிற்கும் வண்டிகளில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பது சீக்கிரம். பேட்டரியின் தலைமேல் உப்பு, ஈரம், தூசி சேர்ந்து ஒரு படலம் கட்டும். அதன் வழியாகவும் கொஞ்சம் கரண்ட் கசியும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ்வில் வைத்து, சிவப்பு முனையால் பேட்டரியின் பிளாஸ்டிக் மூடியைத் தடவினால் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டுவதைப் பார்க்கலாம். இந்தக் கசிவு சில மில்லி ஆம்பியர் அளவுதான், ராத்திரியோடு பேட்டரியை இறக்கிவிடாது. ஆனால் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதுவும் ஒரு செலவு.

முதலில் மூன்று எண்கள்

காலையில் கதவைத் திறக்காமல் பானட்டை மட்டும் தூக்க முடிந்தால் நல்லது. பெரும்பாலான வண்டிகளில் முடியாது. கதவைத் திறந்து லீவரை இழுத்து, மறுபடி மூடி, பத்து நிமிடம் பொறுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, முனைகளைக் கிளாம்ப்பின் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் நடுவில் அழுத்திப் பிடிக்க வேண்டும். 12.6 அல்லது அதற்குமேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பாகம். 11.8 என்றால் காலி. முந்தைய நாள் ராத்திரி வண்டி ஓட்டிவந்த சூட்டோடு அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் மேற்பூச்சுச் சார்ஜ் ஏமாற்றும். அவசரமாக அளக்க வேண்டுமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

10.5 பக்கம் நிற்கிறதா? அந்த எண்ணுக்குத் தனி அர்த்தம் உண்டு. பேட்டரிக்குள் ஆறு அறை, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. அதில் ஒரு அறை ஷார்ட் ஆனால் 10.5 மிஞ்சும். சார்ஜ் ஏற்றி வைத்தும் அங்கேயே வந்து நிற்கும் என்றால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், பேட்டரி போய்விட்டது.

இரண்டாவது எண், செல்ஃப் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி 10-க்கு மேலேயே நிற்கும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது சார்ஜ் இல்லை. பேட்டரி நிறைந்திருக்கும்போது எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு. காலியான பேட்டரியை இப்படிச் சோதித்து 'கெட்டது' என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. ஈயக் கம்பத்தில் 12 வோல்ட் அசையாமல் நிற்கிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைத் தொட வேண்டாம். டெர்மினல், எர்த், செல்ஃப் மோட்டார் பக்கம் திரும்புங்கள்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. 13.8-க்கும் 14.7-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை 1,500 முதல் 2,000 சுற்றில் பிடித்தாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் பெல்ட் தொய்வு, தேய்ந்த கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 15-க்கு மேல் ஏறினால் எதிர்த் திசையில் கேடு: தண்ணீர் கொதித்து வற்றும், அழுகிய முட்டை வாடை வரும், பேட்டரி பக்கவாட்டில் உப்பும்.

புதிய வண்டிகளில் ஒரு சூட்சுமம். நெகட்டிவ் கிளாம்ப்போடு ஒட்டிய சின்ன சென்சார் இருந்தால், டைனமோவை வண்டியின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். மைலேஜுக்காக அது சில நேரம் 12.8 வோல்ட்டில் விட்டுவைக்கும். அதைப் பார்த்து டைனமோவைக் கழற்றிவிடாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், 14-க்குப் போகும். இந்த வகை வண்டிகளில் ஜம்ப் செய்யும்போதும், சார்ஜர் போடும்போதும் கறுப்பு கிளிப்பை நெகட்டிவ் கம்பத்தில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சென்சாரின் கணக்கு தப்பும்.

காசில்லாத சோதனை

மூன்று எண்ணும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் வண்டி எடுக்கவில்லை. அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: கசிவது பேட்டரிக்குள்ளா, வண்டிக்குள்ளா? இதற்கு 10 எம்எம் ஸ்பேனர் போதும். பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, வண்டி வழக்கமாக எத்தனை நாளில் மக்கர் செய்கிறதோ அத்தனை நாள், நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். திரும்ப மாட்டியதும் சுறுசுறுப்பாக எடுத்தால் கசிவு வண்டியில். கழற்றி வைத்தும் 12.6 என்றிருந்தது 12.3-க்கு வந்துவிட்டால் கசிவு பேட்டரிக்குள்ளேயே. எந்த எலெக்ட்ரீஷியனிடம் போவதற்கு முன்னாலும் இதைச் செய்துவிட்டுப் போனால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது சிவப்பு முதலில். காரணம் இருக்கிறது: கறுப்பு இணைந்திருக்கும்போது சிவப்பை முடுக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், ஸ்பேனர் வெல்டிங் ஆகி ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்டீரியோவுக்குக் கோட் எண் உண்டா, பவர் விண்டோவை மறுபடி பழக்க வேண்டுமா என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் வண்டி எவ்வளவு குடிக்கலாம்?

எந்த நவீன வண்டியும் நிற்கும்போது கொஞ்சம் கரண்ட் எடுக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சரி. கணக்கைப் பாருங்கள். சின்ன பெட்ரோல் வண்டியில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். செல்ஃப் எடுக்கப் பாதியாவது மிச்சம் வேண்டும் என்றால் நாம் இழக்கக்கூடியது 17, 18 ஆம்பியர்-மணி. 40 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு ஒன்று. இரண்டு வாரம் கவலையில்லை. 300 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 7.2, இரண்டரை நாளில் கதை முடிந்தது. டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர், இரண்டு நாள்கூட தாங்காது. பிரேக் விளக்கு இரண்டும் எரிந்தபடி இருந்தால் 3.5 ஆம்பியர், ஐந்து மணி நேரம். எத்தனை நாளில் இறங்குகிறது என்பதை வைத்தே எந்த அளவுக் கசிவைத் தேடுகிறோம் என்று ஊகித்துவிடலாம். ஒரே ராத்திரியில் இறங்கும் வண்டியில் ஜிபிஎஸ் டிராக்கரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே ஏதோ விளக்கோ மோட்டாரோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அளக்க இரண்டு வழி. டோங் டெஸ்டர் இருந்தால் நெகட்டிவ் கேபிளைச் சுற்றிக் கவ்வினால் போதும். ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல டோங் டெஸ்டர்கள் ஏசி மட்டும்தான் அளக்கும். டிசி அளப்பதாக, 10 மில்லி ஆம்பியர் வரை காட்டுவதாகக் கேட்டு வாங்குங்கள்.

மல்டிமீட்டர் என்றால் அதைக் கரண்டின் பாதையிலேயே நுழைக்க வேண்டும். சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையில் மாற்றிச் செருகுங்கள். பானட் திறந்திருந்தால் அதன் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி 'மூடிய' நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து வேலை செய்வதானால் அதன் பூட்டையும் அப்படியே. பூட்டிவிட்டு சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். இப்போது நெகட்டிவ் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே முதலில் இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு தடித்த வயரை மாட்டி, பிறகு கேபிளைக் கழற்றி, மீட்டரை அதே இரண்டு இடத்தில் பொருத்துங்கள். அந்த வயர் இல்லாமல் நேராகக் கழற்றினால் கம்ப்யூட்டர் யூனிட்கள் எல்லாம் விழித்துக்கொண்டு பல ஆம்பியர் காட்டும், சிலவற்றில் ஒளிந்திருந்த குறையே தற்காலிகமாக மறைந்துவிடும். அரை மணி நேரம், சில வண்டிகளில் முக்கால் மணி நேரம் பொறுத்து, எல்லாம் தூங்கிய பிறகு கிளிப் வயரை எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போகும்.

எண் 80, 100 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் எந்த சர்க்யூட் என்று பிரிக்க வேண்டும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பிடுங்கிச் செருகும்போது தூங்கிய யூனிட் மறுபடி எழுந்துவிடும், மறுபடி அரை மணி நேரம். அதைவிட, ஃபியூஸின் தலையில் இரு பக்கமும் தெரியும் சின்ன உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லி வோல்ட்டில் அளப்பது மேல். ஃபியூஸைத் தொடவே வேண்டாம். கரண்ட் ஓடாத ஃபியூஸ் 0.0 காட்டும். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் என்றால் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸில் அதே 1 மில்லி வோல்ட்டுக்கு 200-க்குச் சற்று மேல். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, பானட்டுக்குள் ஒரு பெட்டி, இரண்டையும் பாருங்கள். எந்த ஃபியூஸிலும் ஒன்றுமில்லை, ஆனால் மெயினில் கசிகிறது என்றால், ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத இரண்டு இடம் மிச்சம்: டைனமோ, மற்றும் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வெளிவேலை வயர்.

வழக்கமான குற்றவாளிகள்

வெளியில் மாட்டிய ஸ்டீரியோவுக்குத்தான் முதலிடம். எந்தக் கடையில் போட்டிருந்தாலும் பின்னால் கழற்றிப் பாருங்கள். ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு. நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. அவசரத்தில் வேலை செய்கிறவர் மஞ்சளையும் சிவப்பையும் முறுக்கி ஒன்றாக்கி, நிரந்தர லைனில் கொடுத்துவிடுவார். சாவி இல்லாமலும் பாட்டு வருகிறது என்று வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். ஸ்டீரியோ ஒருபோதும் முழுசாக அணைவதில்லை, 200, 300 மில்லி ஆம்பியர் இரவு முழுக்கப் போகிறது. ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதை எழுப்பும் நீலம்-வெள்ளை வயரிலும் கரண்ட் நின்று, அதன் பங்குக்கு அதுவும் குடிக்கும். சரிசெய்வது எளிது: சாவியை எடுத்தால் செத்துப்போகும் ஒரு ஃபியூஸை மீட்டரால் கண்டுபிடித்து, ஃபியூஸ் டேப் (அந்த ஃபியூஸ் துளையிலிருந்து இன்னொரு லைன் பிரிக்கும் சொருகி) போட்டு அதிலிருந்து சிவப்புக்குத் தனி லைன் கொடுங்கள். முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டால், உப்புக்காற்றில் இரண்டு வருடம் கழித்துப் பச்சை பூக்காது. ஆண்ட்ராய்டு திரை என்றால் வயர் சரியாக இருந்தாலும் செட்டிங்கைப் பாருங்கள். சீக்கிரம் ஆன் ஆக வேண்டும் என்பதற்காக அணைக்காமல் தூக்க நிலையில் வைத்திருக்கும் தேர்வு இருக்கும்.

டேஷ் கேமராவின் பார்க்கிங் மோடு 200 முதல் 400 மில்லி ஆம்பியர் எடுக்கும். அதன் வயர் கிட்டில் இத்தனை வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்து என்ற தேர்வு உண்டு. அது 11.6 அல்லது 11.8-ல் இருந்தால் கேமரா நிற்கும்போது பேட்டரியும் காலியாகியிருக்கும். 12.2-க்குக் குறையாமல் வையுங்கள். மஞ்சள் போர்டு வண்டிகளில் அரசு விதிப்படி மாட்டும் ஏஐஎஸ்-140 ஜிபிஎஸ் டிராக்கர் சிம் சிக்னல் கிடைக்காத இடத்தில் தேடித் தேடி அதிகம் எடுக்கும். வண்டியின் ஓபிடி துளையில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகிய சின்ன டாங்கிளும் கம்ப்யூட்டரைத் தூங்கவிடாது. பலரும் சந்தேகப்படும் ஃபாஸ்டேக்கை மட்டும் விட்டுவிடலாம். அதற்குள் பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. சுங்கச்சாவடி ரீடரின் அலையே அதற்குக் கரண்ட்.

டிக்கி விளக்கும் கிளவ் பாக்ஸ் விளக்கும் மூடிய பின் அணைகின்றனவா என்று தலையை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. மொபைலில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரேக் பெடலுக்கு மேலே, பெடல் மேலெழும்போது பிரேக் சுவிட்சை அழுத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டன் இருக்கும். வெயிலில் அது பொடிந்து விழுந்தால் சுவிட்ச் அமுங்காமல் பிரேக் விளக்கு எரிந்தபடியே இருக்கும். காலடி மேட்டில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் சந்தேகப்படுங்கள். பத்து இருபது ரூபாய்ச் சாமான்.

ரிலே ஒட்டிக்கொள்வது இன்னொன்று. ராத்திரி ரிலேக்களைத் தொட்டுப் பார்த்தால், வேலை செய்துகொண்டிருப்பது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அதே பெட்டியில் அதே எண்ணுள்ள ரிலேயோடு இடம் மாற்றிப் பார்க்கலாம்.

குறுகலான தெருக்களுக்கே உரிய ஒன்று: வாசலை ஒட்டி வண்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஸ்மார்ட் சாவி. சில மாடல்களில் சாவி இரண்டு மீட்டருக்குள் இருந்தால் வண்டி அதோடு பேசிக்கொண்டே இருக்கும், தூங்காது. வண்டியிலும் பேட்டரி இறங்கும், சாவியின் பட்டன் செல்லும் சீக்கிரம் போகும். சாவியை உள்ளறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் தனி ரகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீரிலும், எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரிலும் நின்ற வண்டிகளை சீட்டைக் கழற்றி, காயவைத்து, ஓட்டத் தொடங்கியாயிற்று. கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர் கனெக்டர்களுக்குள் போன ஈரம் அங்கேயே தங்கி, மாதங்கள் கழித்துப் பச்சை பிடித்துக் கசியத் தொடங்கும். ஒருநாள் கசியும், மறுநாள் கசியாது. மழை நாளில் கூடும். இவற்றில் ஃபியூஸில் அளக்கும் எண் மாறிக்கொண்டே இருக்கும். முன்பக்கக் காலடிக் கார்பெட்டை முழுசாகத் தூக்கி, ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைப்பதைத் தவிர குறுக்கு வழி கிடையாது. எலி கடித்த வயரையும் அதே சமயத்தில் பார்த்துவிடலாம்.

டைனமோவின் உள்கசிவு

ஏசியை டிசியாக்கும் டயோடுகளில் ஒன்று ஷார்ட் ஆனால், நிற்கும்போது பேட்டரிக் கரண்ட் டைனமோ வழியாகத் திரும்பி ஓடும். எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலையில் டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான். உறுதிப்படுத்த, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, டைனமோவின் தடித்த வயரைப் பிரித்து இன்சுலேஷன் டேப் சுற்றி, மறுபடி கசிவை அளக்க வேண்டும். எண் சட்டென இறங்கினால் டயோடு பிளேட்டை மாற்றினாலே போதும், முழு டைனமோ வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பார்த்தால் 0.5-க்கு மேல் காட்டுவதும் டயோடு கோளாறின் அடையாளம். மலிவு மீட்டர்கள் சில நேரம் 28, 30 என்று காட்டிப் பயமுறுத்தும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் காட்டினால் அது மீட்டரின் குணம், அதை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

டெர்மினலும் எர்த்தும்

செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனை நெகட்டிவ் ஈயக் கம்பத்தில், மறுமுனை எஞ்சின் இரும்பில். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்தப் பாதையில் துரு. எர்த் வயர் பாடியில் பொருந்தும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். பூத்த டெர்மினலுக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா, பழைய டூத் பிரஷ். நுரை அடங்கும் வரை தேய்த்துத் தண்ணீரால் கழுவலாம்; அறை மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போகக் கூடாது. மெல்லிய கம்பமுள்ள பேட்டரிக்குத் தடித்த கிளாம்ப்பை மாட்டி, நடுவில் தகரமோ ஆணியோ சொருகி இறுக்கும் கைவேலை இங்கே நிறைய உண்டு. ஆறு மாதத்தில் அது தளரும். சரியான அளவுக் கிளாம்ப் நூறு ரூபாய்க்குள் முடியும்.

ஏற்றுவதும் மாற்றுவதும்

காரணத்தைச் சரிசெய்தபின், இறங்கிய பேட்டரியை வண்டியை ஓட்டியே நிரப்பப் பார்ப்பது டைனமோவுக்கும் கேடு. ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும். ஒரு மணி நேர ஓட்டத்தில் நிறையாது. சார்ஜரில் போடுங்கள்: ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35-க்கு 3.5 ஆம்பியர், பத்து பன்னிரண்டு மணி நேரம். கடையில் 'குயிக் சார்ஜ்' என்று இரண்டு மணி நேரத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள். ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் பீடி, அகல் விளக்கு கூடாது.

மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். அது சுத்தமாகத் தெரிந்தாலும் காயிலின் உலோகத் துகளும் தூசியும் கலந்தது. ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். ஆசிட் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு அறைக்கும் நடுவில் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்த அறை செத்துக்கொண்டிருக்கிறது. சீல் செய்த பேட்டரியின் பச்சைக் கண் ஒரே ஒரு அறையைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

கடையின் டெஸ்டர் காகிதத்தில் 'மாற்றவும்' என்று வந்தால், எந்த சிசிஏ எண்ணை (குளிரில் ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) போட்டுச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். லேபிளில் உள்ளதைவிட அதிகம் போட்டால் நல்ல பேட்டரியும் தோற்கும். 'சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்' என்று வந்திருந்தால் அதுவே வேறு செய்தி.

வாரம் ஒருமுறைதான் எடுக்கிறீர்கள் என்றால் வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது டீசல் வீண். வாரம் முழுக்க நின்றதில் இறங்கியதை அது திருப்பித் தராது. மணலி சாலையிலோ மாதவரம் பக்கமோ முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள், அல்லது நெகட்டிவ்வைக் கழற்றிப் போடுங்கள்.

புது பேட்டரியே வேண்டும் என்று ஆகிவிட்டால் அதே குறியீட்டைக் கேளுங்கள். 38பி20எல் என்றால் கடைசி 'எல்' கம்பங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. 'ஆர்' வாங்கினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிக்கு அதற்கென்றே வரும் ஈஎஃப்பி, ஏஜிஎம் ரக பேட்டரிகளில் எது இருந்ததோ அதுவேதான். சாதா பேட்டரி போட்டால் சீக்கிரம் சாகும். '24+24' என்ற வாரன்டியில் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் விலையில் கழிவு மட்டும். பழையதைக் கொடுத்தால் கழியும் தொகையை பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ராக்கில் நின்றதை வேண்டாம் என்று சொல்லலாம். கையில் மீட்டர் இருக்கிறதே, கடையிலேயே வைத்துப் பாருங்கள். 12.4-க்குக் கீழே காட்டினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.